விளக்கம் இருந்தும் விளங்காத படம்: டோரோப்பின் 'மூன்று மணப்பெண்கள்'

வரைந்தவரே "இவள் இன்னார், அவள் இன்னார்" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு படத்தில் புதிர் என்று என்ன மிஞ்சும்? நெதர்லாந்து ஓவியர் யான் டோரோப் 1893-இல் காகிதத்தில் வரைந்த 'மூன்று மணப்பெண்கள்' அந்த வகைப் படம். எந்தப் பெண் எதைக் குறிக்கிறாள் என்பதில் பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. ஓவியரின் விளக்கம் இருக்கிறது, அந்தக் காலத்துப் பத்திரிகைக் கட்டுரையும் இருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால், சொல்லப்பட்டதைவிடச் சொல்லப்படாததுதான் அதிகம் என்று தெரியும். இந்தப் படத்தின் மர்மம் அதன் குறியீடுகளில் இல்லை, கோடுகளில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

படம் இப்போது நெதர்லாந்தின் ஒட்டர்லோ என்ற ஊரில், காட்டுக்கு நடுவே இருக்கும் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான் கோ ஓவியங்களுக்காகவே பெரும்பாலானவர்கள் அங்கே போகிறார்கள். டோரோப்பின் படம் அகலம் 98 சென்டிமீட்டர், உயரம் 78 சென்டிமீட்டர். பழுப்புக் காகிதத்தில் பென்சிலும் கறுப்புச் சாக்கும், அங்கங்கே கொஞ்சம் வண்ணமும் வெள்ளையும். அவ்வளவுதான் பொருள்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். நடுவில் மூன்று பெண்கள் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். நடு மணப்பெண் மெல்லிய முக்காட்டுக்குள் இருக்கிறாள். துணி அத்தனை மெலிசு, உடல் உள்ளே தெரிகிறது. நமக்கு இடப்பக்கம் நிற்பவள் கன்னியாஸ்திரீ போன்ற தோற்றம், அகலத் திறந்த கண்கள். வலப்பக்கம் நிற்பவள் முகத்தில் கடுமை, கழுத்தில் சிறு மண்டையோடுகளைக் கோத்த மாலை, இரத்தம் ஏந்தும் கிண்ணம். இவர்களைச் சுற்றி இளம்பெண்கள் மிதக்கிறார்கள், மண்டியிடுகிறார்கள், மெலிந்த கைகளை மடக்கியும் நீட்டியும் ஏதோ சைகை செய்கிறார்கள். பின்னால் வரிசை வரிசையாகப் பெண் முகங்கள். கீழே ரோஜாவும் முள்ளும். மேலே இரண்டு மூலைகளிலும் ஆணி அறையப்பட்ட கிறிஸ்துவின் கைகள் மட்டும், அந்தக் கைகளிலிருந்து தொங்கும் மணிகள். மணிகளின் வாயிலிருந்து கோடுகள் புறப்பட்டு வருகின்றன. பெண்களின் கூந்தலும் கோடுகளாக ஓடுகிறது. எந்தக் கோடு கூந்தல், எந்தக் கோடு மணியோசை என்று பிரித்துச் சொல்வது பல இடங்களில் முடியாத காரியம்.

இனி விளக்கம். இடப்பக்கத்தவள் கிறிஸ்துவுக்கு மணமகளானவள், ஆன்மாவின் வேதனை. வலப்பக்கத்தவள் நரகத்தின் மணப்பெண், புலனின்ப உலகம். நடுவில் இருப்பவள் மானிட மணப்பெண். பாதி மலர்ந்த பூப்போன்ற அவளுடைய முக்காட்டுக்குள் தூய அன்பின் மணமும் உடலாசையின் தகிப்பும் இரண்டுமே இருக்கின்றன. மூன்று பேருக்கும் நடுவே இழுபறி. படம் முடிந்தது, கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

நேர்மையாகச் சொன்னால் இந்தக் கருத்து மிகப் பழசு. ஒரு பக்கம் புனிதவதி, மறுபக்கம் பாதகத்தி, நடுவே எந்தப் பக்கம் சாய்வாளோ என்று ஆண் கவலைப்படும் இளம்பெண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய ஓவியர்களும் கவிஞர்களும் இந்தச் சரக்கை மூட்டை மூட்டையாக விற்றார்கள். பெல்ஜியத்தின் கினோப்ஃப், பிரான்சின் குஸ்தாவ் மொரோ, நார்வேயின் மூங்க் என்று யாரைத் தொட்டாலும் ஒரு மயக்கும் பெண், ஒரு பலியாடு. டோரோப்பின் கருத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தால் அதில் நினைவில் நிற்க எதுவும் இல்லை. இன்றைக்கு அதைப் படித்தால் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் படம் நினைவில் நிற்கிறது. அப்படியென்றால் நிற்க வைப்பது வேறு ஏதோ.

டோரோப்பைச் சேர்த்துப் பேசப்படும், குறியீட்டியம் என்று நாம் சொல்லும் கலை இலக்கிய இயக்கத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் ஒரு அர்த்தம் ஒளிந்திருக்கும், அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம். லில்லி என்றால் தூய்மை, மண்டையோடு என்றால் மரணம் என்கிற வழி. அது குறியீட்டியத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய தேவாலய ஓவிய மரபு. 1886 செப்டம்பரில் பாரிஸின் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் கவிஞர் ழான் மொரேயாஸ் இந்த இயக்கத்தின் அறிக்கையை வெளியிட்டார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1891-இல் கவிஞர் மல்லார்மே ஒரு பேட்டியில் சொன்னது. ஒரு பொருளைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் கவிதையின் இன்பத்தில் முக்கால் பங்கு போய்விடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஊகிக்க விடுவதுதான் சுகம் என்றார் அவர். கரியிலும் கல்லச்சிலும் விசித்திரக் கண்களையும் சிரிக்கும் சிலந்தியையும் வரைந்த ஒடிலோன் ரெடோனும் ஏறக்குறைய இதையே எழுதினார்: என் வரைபடங்கள் தூண்டுகின்றன, எதையும் வரையறுப்பதில்லை.

அதே 1891-இல் விமர்சகர் அல்பேர் ஓரியே, ஓவியர் கோகனைப் பற்றி எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். உருவங்கள் மட்டும் இல்லை, கோடும் நிறமும்கூட ஓர் எழுத்துவரிசைதான் என்பது அவர் வாதம். கோடு ஒரு மரத்தின் விளிம்பைக் காட்டுவதற்காக இருக்கவேண்டியதில்லை, அதுவே ஏதோ ஒன்றைச் சொல்லலாம். டோரோப்பைப் படிக்க எனக்கு உதவுவது இந்தச் சாவிதான்.

அதை வைத்துக்கொண்டு படத்துக்குத் திரும்புவோம். மூன்று பெண்களின் முகங்களைக் கையால் மறைத்துவிட்டுக் கோடுகளை மட்டும் பாருங்கள். (கணினித் திரையில் இதைச் செய்வது சுலபம்.) இடப்பக்கத்தில் கோடுகள் ஒன்றையொன்று உரசாமல், நீண்டு, ஒரே போக்கில் வளைந்து இறங்குகின்றன. வலப்பக்கம் போகப் போக அவை முறுகுகின்றன, கோணமாகின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன. நல்லது எங்கே, கெட்டது எங்கே என்பதை மண்டையோட்டு மாலை சொல்வதற்கு முன்னாலேயே கோடு சொல்லிவிடுகிறது. மாலையை அழித்துவிட்டாலும் வலப்பக்கம் நிம்மதியில்லாத பக்கமாகவே இருக்கும்.

அப்புறம் அந்த மணிகள். ஓசையை வரைய முடியுமா என்பது அந்தத் தலைமுறையைப் பிடித்து ஆட்டிய கேள்வி. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை அவர்களைப் பைத்தியமாக்கி வைத்திருந்த காலம். பலர் நிறத்தை இசையோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். டோரோப் நிறத்தை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டு மணியோசையைப் பென்சில் கோடாக இழுத்தார். அந்தக் கோடு போகிற வழியில் ஒரு பெண்ணின் தலைமுடியாகிறது, அடுத்த பெண்ணின் ஆடை மடிப்பாகிறது, மறுபடி ஓசையாகிறது. இங்கேதான் அகராதி வாசிப்பு தோற்றுப்போகிறது. 'கூந்தல் என்றால் ஆசை', 'மணி என்றால் இறையழைப்பு' என்று பட்டியல் போட்டால், இரண்டும் ஒரே கோடாக ஓடும் இடத்தில் என்ன செய்வது? இறையழைப்பும் உடலாசையும் பிரியவே இல்லையே. நடு மணப்பெண்ணின் தடுமாற்றம் பற்றி விளக்கவுரை ஒரு வாக்கியத்தில் சொன்னதைப் படம் காகிதம் முழுக்கச் செய்துகாட்டுகிறது. சொல்லப்போனால் விளக்கவுரையை மறுக்கவும் செய்கிறது. உரையில் மூன்று பெண்களும் தனித்தனி. படத்தில் எல்லாரும் ஒரே நூலில் பின்னப்பட்டவர்கள்.

இந்த நீண்ட கைகளும் பக்கவாட்டு முகங்களும் எங்கிருந்து வந்தன? டோரோப் 1858-இல் ஜாவாவின் புர்வோரெஜோவில் பிறந்தவர். தந்தை டச்சுக் காலனி அரசின் அதிகாரி, ஜாவா இரத்தக் கலப்புள்ள குடும்பம். தாய் வழி ஆங்கிலேயர். பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி பங்கா தீவில். 1869-இல், பதினோரு வயது நிறையும் முன்பே, படிப்புக்காக நெதர்லாந்து அனுப்பப்பட்டார். எனவே அவர் படத்தில் ஒல்லிக் கைகளைக் கண்டவுடன் எல்லாரும் சொல்வது வயாங் குலித், அதாவது ஜாவாவின் தோல்பாவை நிழற்கூத்து. ஒப்புமை பொய்யில்லை. அந்தப் பாவைகளின் கை தோளிலும் முழங்கையிலும் மட்டும் அசையும், மெலிந்து நீண்டு கிட்டத்தட்ட முழங்காலைத் தொடும், முகம் எப்போதும் பக்கவாட்டில். டோரோப்பின் இளம்பெண்கள் கைகளை மடக்குவது அப்படியே.

இதில் எனக்குச் சுவையாகத் தோன்றும் ஒரு விஷயம் உண்டு. வயாங்கில் ஆடுவது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த மகாபாரத, இராமாயணக் கதைகள்தான். கூத்தை நடத்தும் தலாங் திரைக்கு முன் உட்கார்ந்து, பாண்டவர் போன்ற நல்ல தரப்பைத் தன் வலக்கைப் பக்கமும் எதிர்த்தரப்பை இடக்கைப் பக்கமும் நிறுத்துவார். திரைக்கு மறுபுறம் உட்கார்ந்து நிழலைப் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழ். நல்லவர்கள் இடப்பக்கம், கெட்டவர்கள் வலப்பக்கம். டோரோப்பின் படத்திலும் அதே அமைப்பு!

சரி, இதைக் கண்டவுடன் 'ஆகா, ஜாவா இரகசியம் பிடிபட்டது' என்று துள்ளக்கூடாது. கிறிஸ்தவ ஓவியத்திலும் அதே இடம்-வலம் இருக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் செம்மறியாடுகள் ஆண்டவரின் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். எனவே இறுதித் தீர்ப்பை வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் பலரும், பார்ப்பவருக்கு இடப்பக்கம் மீட்பையும் வலப்பக்கம் நரகத்தையும் வைத்தார்கள். டோரோப் வளர்ந்த இரண்டு உலகங்களும் தற்செயலாக ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன. எது அவர் கையை நடத்தியது என்று தீர்ப்புச் சொல்ல அவசியமில்லை. ஆனால் 'கிழக்கத்திய மர்மம்' என்று மட்டும் இந்தப் படத்துக்கு முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். அப்படிக் குத்தியவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அவருடைய தாடியையும் நிறத்தையும் பார்த்து அவரைக் கீழ்த்திசை மாயாவி போலப் பேசிய ஐரோப்பியர்கள், அவர் ஆம்ஸ்டர்டாமில் ஓவியப் பள்ளி மாணவராக இருந்ததையும், பிரஸ்ஸல்ஸில் 'இருபதுபேர்' என்ற புதுமைக் குழுவில் உறுப்பினராக இருந்து புள்ளி ஓவியம் வரை எல்லாவற்றையும் முயன்று பார்த்ததையும் வசதியாக மறந்தார்கள்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு சபலம் வரும். மண்டையோட்டு மாலை, இரத்தக் கிண்ணம்! காளிதானே? தோற்றத்தில் ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காளி பக்தனுக்குத் தாய். அவள் ஏந்தும் மண்டையோடு அறியாமையை அழித்ததன் அடையாளம் என்பார்கள். டோரோப்பின் வலப்பக்க மணப்பெண்ணிடம் அந்த அருள் துளியும் இல்லை, அவள் முழுக்க முழுக்கக் கிறிஸ்தவ நரகத்தைச் சேர்ந்தவள். ஓவியர் கீழ்த்திசைச் சிலை எதையாவது பார்த்து அந்த மாலையை எடுத்திருக்கலாம். எடுத்தாலும் அதன் இறையியலை எடுக்கவில்லை. உருவம் பயணம் செய்யும்போது அர்த்தத்தை எல்லா நேரமும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஏன் காகிதம் என்பதையும் கேட்கவேண்டும். பல அடி அகலத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைய வசதி இல்லாதவர் ஒன்றுமில்லை அவர். ஆனால் தூரிகையால் இழுக்கிற கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, வண்ணம் தீர்ந்ததும் நிறுத்தித் திரும்பத் தொடவேண்டும். கூர்சீவிய பென்சில் அப்படி இல்லை. மூச்சுவிடாமல் ஒரு முழம் போகும், கையின் அழுத்தத்துக்கு ஏற்ப மங்கும், கறுக்கும். ஓசை மங்கிப் போவதைக் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. காகிதத்தின் பழுப்பு நிறம் நடுத்தர வெளிச்சமாக நிற்கிறது. அதன்மேல் கறுப்பு இருட்டாகவும் வெள்ளை ஒளியாகவும் இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன. வெள்ளைக் காகிதத்தில் வரைந்திருந்தால் முக்காட்டின் அந்த மெலிவு கிடைத்திருக்காது. இதற்கு ஒரு விலையும் உண்டு. காகிதத்தில் செய்த படைப்புகள் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான விளக்கையே அனுமதிக்கின்றன. கொஞ்ச காலம் காட்டிவிட்டு இருட்டறையில் ஓய்வும் கொடுப்பார்கள். ஒட்டர்லோ போகிறவர்கள் இது சுவரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 1892-இல், டோரோப் வரைந்த இன்னொரு சாக் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைப்பு, கொரிந்தியர் நிருபத்தின் வரி: "பாதாளமே, உன் ஜெயம் எங்கே?" அதிலும் நல்ல சக்திகள் வளைகோடு, தீய சக்திகள் முறுகிய கோடு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மணப்பெண்கள் படம் திடீரென்று வந்த தரிசனம் இல்லை, ஒரு கைத்திறன் படிப்படியாகத் தேறியதன் விளைவு என்று புரியும்.

லண்டனில் அப்போதுதான் தொடங்கிய 'தி ஸ்டூடியோ' இதழ் 1893-இலேயே படத்தை அச்சிட்டுக் கட்டுரையும் போட்டது. அதன் வழியாக அது கிளாஸ்கோவுக்குப் போனது. அங்கே கலைப்பள்ளி மாணவர்களாக இருந்த மாக்கின்டாஷும் மெக்டோனல்ட் சகோதரிகளும் அதற்குப்பின் வரைந்த நெடிய, எலும்பும் தோலுமான பெண்களைப் பார்த்து ஊரார் 'பேய்ப் பள்ளி' என்று கிண்டலடித்தார்கள். வியன்னாவில் ஓவியர் கிளிம்ட் 1902-இல் வரைந்த பேத்தோவன் சுவரோவியத்தின் மிதக்கும் பெண்களிலும் டோரோப்பின் சாயலைக் கலை வரலாற்றாளர்கள் காண்கிறார்கள். இவர்களில் யாரும் மூன்று மணப்பெண்களின் இறையியலை எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டை எடுத்தவர்களில் டோரோப்பும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. 1894-இல் டெல்ஃப்ட் நகரத்து எண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றின் சாலட் எண்ணெய்க்கு அவர் ஒரு விளம்பரச் சுவரொட்டி வரைந்தார். இரண்டு பெண்கள், அதே முடிவில்லாத கூந்தல், காகிதத்தின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும் அதே அலைக்கோடுகள். ஒருத்தி சாலட் கலந்துகொண்டிருக்கிறாள்! சுவரொட்டி அவ்வளவு பிரபலமாகி, டச்சுக்காரர்கள் ஆர் நூவோ என்ற, வளைகோடுகள் நிறைந்த அந்தக் காலத்து அலங்காரப் பாணி முழுவதையுமே 'சாலட் எண்ணெய் பாணி' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

என் வாதத்துக்கு இது இடைஞ்சல் என்று யாராவது சொல்லலாம். கோட்டில்தான் மர்மம் என்றாயே, அதே கோடு எண்ணெய் விற்கிறதே? நியாயமான கேள்வி. வளைந்த கோடு தன்னளவில் புனிதமானது என்று நான் சொல்லவரவில்லை. சுவரொட்டியில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி வளைகிறது, எதிர்ப்பு எதுவும் இல்லை, ஆகவே அது அழகான அலங்காரம். மணப்பெண்கள் படத்தில் வளைவுக்கு எதிராக ஒரு முறுகல் இருக்கிறது, ஓசைக்கும் கூந்தலுக்கும் இடையே ஒரு குழப்பம் இருக்கிறது. அர்த்தம் பிறப்பது அந்த உரசலில். உரசலை எடுத்துவிட்டால் எண்ணெய் டப்பாதான் மிஞ்சும்.

1905-இல் டோரோப் கத்தோலிக்கத்துக்கு மாறினார். 1928-இல் இறக்கும் வரை அப்போஸ்தலர்களும் சிலுவைப்பாதைக் காட்சிகளுமாக நிறைய வரைந்தார். பக்தியிலோ கைத்திறனிலோ குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கோடு விறைத்துவிட்டது. நேர்கோடுகளும் கட்டங்களும் உருவங்களை அவரவர் இடத்தில் நிறுத்திவைக்கின்றன, ஒருவரின் கோடு இன்னொருவருக்குள் வழிந்து ஓடுவதில்லை. எது எதைக் குறிக்கிறது என்று திருச்சபை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட இடத்தில் பென்சிலுக்குத் தேட வேலையில்லாமல் போயிற்று. அந்தப் படங்களைப் புரிந்துகொள்வது எளிது. கண்காட்சிகளும் ஆய்வு நூல்களும் திரும்பத் திரும்ப 1893-க்குத்தான் போகின்றன.